மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு முகவரி

ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது என் நெடுநாளைய கொள்கை. கொள்கை என்று ஒன்று இருந்தால் அதைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும் என்பது என் இன்னொரு கொள்கை. ஆகவே மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

"வெளிநாட்டவர் நம் நாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறார்கள். தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை நேரில் வந்து முகவரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நடுவில் எண்பத்தொன்பது நாள் எங்கே இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் தங்கும் இடத்துக்கு உரியவரே கவனித்து அரசுக்கு அறிவிக்கும்படி விதி செய்தால் என்ன? யார் எங்கே இருக்கிறார் என்பது தெரிய வேண்டாமா?"

பதினோராம் பக்கத்தில், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே பிரசுரமாயிற்று. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடிதத்தைச் சட்டம் போட்டு, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். பரிசோதனைக்கு வருகிறவர்களைக் கடைசியில் அதையும் வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலானவர்களுக்குத் தலைப்புக்குக் கீழே கண் தெரியாமல் போய்விடும்.

எட்டு மாதத்தில் விதி வந்தது. வெளிநாட்டவர் தங்குகிற இடத்துக்கு உரியவர், அவர் வந்து தங்கினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்; இருபத்துநாலு மணி நேரம் ஆளைக் காணவில்லை என்றாலும் அறிவிக்க வேண்டும். என்னால்தான் வந்தது என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுப்பதும் இல்லை.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரே வெளிநாட்டவர் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். என் தங்கை புருஷன்.

"அண்ணா, நீ எழுதினது யாரைப் பத்தின்னு தெரிஞ்சுதான் எழுதினியா?" என்று தங்கை கேட்டாள்.

"சட்டம் வேற, சொந்தம் வேறம்மா," என்றேன்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். காலாவதியான மாத்திரையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வந்து பதினோரு வருஷமாகிறது. தங்கமான மனுஷன். ஒரே குறை, நம் பாஷையை அவர் கற்றுக்கொண்ட விதம். மனிதர்களிடம் கற்றுக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கவில்லை. தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை முகவரி அறிவிப்பு அலுவலகத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளையும் கையிலிருந்த படிவங்களையும் வாசித்து வாசித்தே கற்றுக்கொண்டார். அதனால் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். "மேற்படி தேநீரில் சர்க்கரை குறைவாக உள்ளது என்பதைத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்பார் தங்கையிடம். ஏழு வயது மகள் விளையாடப் போகட்டுமா என்று கேட்டால், "ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறாய்" என்பார். அவள் அதற்கும் பழகிவிட்டாள்.

வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் அவரோடு அந்த அலுவலகத்துக்குப் போவதுண்டு. நான்கு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் குறுகிய காலத் தங்கல் பிரிவு. ஊர் சுற்ற வந்தவர்களுக்கு. நான்காம் மாடியில் நீண்ட காலத் தங்கல் பிரிவு. மாப்பிள்ளை மாதிரி ஆட்களுக்கு. வாசலில் பெரிய பலகை: 'இருப்பதைச் சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள்.' நான்காம் மாடியில் ஆறாம் கவுண்டரில் ஓர் அம்மா. பதினோரு வருஷமாக அவரே. மாப்பிள்ளையை அவருக்குத் தன் அண்ணன் தம்பியைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"எங்க இருக்கீங்க?"

"சென்ற முறை அறிவித்த அதே முகவரியில்."

"என்ன மாறியிருக்கு?"

"எதுவும் மாறவில்லை."

"மாறலைன்னா எதுக்கு வந்தீங்க?"

"மாறவில்லை என்று அறிவிக்க."

"மாறலைங்கறதுக்கு ஆதாரம்?"

அதற்கு ஒரு புகைப்படம் வேண்டும். வீட்டு வாசலில், கதவு எண் தெரிய, அன்றைய பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடத்தப்பட்டவர்களை அப்படித்தான் படம் எடுப்பார்கள் என்று தங்கை சொல்வாள். பதினோரு வருஷத்தில் நாற்பத்துநாலு படம் சேர்ந்துவிட்டது. கையெழுத்தும் சீலும் போட்ட சீட்டு நாற்பத்துநாலு. எல்லாவற்றையும் மாப்பிள்ளை தேதி வாரியாகக் கோத்து ஒரு தடித்த ஃபைலில் வைத்திருந்தார். வீடு தீப்பிடித்தால் மகளை ஒரு கையிலும் அந்த ஃபைலை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தங்கைக்கு உத்தரவு.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது அந்த அலுவலகத்து லிஃப்டே நின்றுபோயிற்று.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் அலுவலகம். மாப்பிள்ளையின் கம்பெனிக்குத்தான் அந்த லிஃப்டின் பராமரிப்பு. அவர் காலையில் எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார். வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். மதியம் வரை வேலை செய்து சரியாக்கினார். சரியாகிவிட்டதா என்று ஒரு தடவை ஏறிப் பார்ப்பதுதானே முறை? ஏறினார். மூன்றாம் மாடியைத் தாண்டி நான்காம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது மணி ஒன்று அடித்தது. மின் சிக்கனச் சுற்றறிக்கைப்படி வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சை அணைத்தார். பிறகு நோட்டை எடுத்து, காலையிலிருந்து உள்ளே வந்த எல்லார் பெயருக்கும் நேராக, மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்து, 'அனைவரும் வெளியேறினர்' என்று எழுதிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். சட்டப்படி மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். லிஃப்டுக்குள் இருந்தது அவருடைய உடம்பு மட்டும்தான்.

மின்சாரம் இல்லாததால் அபாய மணி அடிக்கவில்லை. இரும்புப் பெட்டிக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. கத்தியது பூட்டிய கட்டடத்தைத் தாண்டி வாசல்வரை கேட்கவில்லை. லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் சாவித் துவாரம் வெளியே இருந்தது. ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பன் பாக்கெட். அவ்வளவுதான்.

சாயங்காலம் நானும் தங்கையும் போய்க் கேட்டோம். வாட்ச்மேன் நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

"போயிட்டாரும்மா. பாருங்க, கோடு போட்டிருக்கு."

"நீங்க பாத்தீங்களா அவர் போனதை?"

"நான் எதுக்கும்மா பாக்கணும்? அதான் எழுதியிருக்கே."

போலீஸில் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். கம்பெனியில் போனை எடுக்க ஆள் இல்லை. தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஆயிற்று. இருபத்துநாலு மணி நேரம் முடிந்தது. நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, என்ன பண்றே?"

"அறிவிக்கணும்மா. விதி."

"ஆளைத் தேடறதை விட்டுட்டு!"

"தேடறதுக்கு முன்னாடி அறிவிக்கணும். அப்பதான் தேடறதுக்கே ஒரு ஒழுங்கு இருக்கும்."

அந்த இணையதளம் வேலை நாளிலேயே ஒழுங்காகத் திறக்காது. அன்றைக்கென்று பளிச்சென்று திறந்தது. 'வெளிநாட்டவர் வீட்டில் இல்லாததன் காரணம்' என்று கேட்டு, 'பயணம், மருத்துவமனை, மரணம், மற்றவை' என்று நாலு கட்டம் கொடுத்திருந்தது. அம்புக்குறி மூன்றாவது கட்டத்தில் போய் நின்றதைப் பார்த்ததும் தங்கை கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். நான் அவசரமாக 'மற்றவை'யை அழுத்தினேன். 'தங்கள் அறிவிப்புக்கு நன்றி. பொறுப்புள்ள குடிமகனே, வாழ்க!' என்று வந்தது. அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மெயின் ஸ்விட்சைப் போட்டார்கள். லிஃப்ட் ஜம்மென்று மேலே ஏறி நான்காம் மாடியில் நின்று கதவைத் திறந்தது. நாற்பத்துநாலு மணி நேரத் தாடியும் கருவிப் பையுமாக மாப்பிள்ளை வெளியே வந்தார். "லிஃப்ட் நல்ல நிலையில் இயங்குகிறது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, வேலை முடிந்த சீட்டை நீட்டினார். ஆறாம் கவுண்டர் அம்மா கையெழுத்துப் போட்டார். அலுவலக நேரத்துக்குள் வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டும் என்பதால், 'சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு முடிவுற்றது' என்று எழுதினார். மாப்பிள்ளை நன்றி சொல்லிவிட்டு, படிகளில் இறங்கி வீட்டுக்கு வந்தார். தங்கை அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மறுபடியும் அழுதாள். மகள் அவர் மடியை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாளே கடிதம் வந்துவிட்டது. அரசாங்கக் கடிதம் இத்தனை வேகமாக வந்ததை நான் ஆயுளில் பார்த்ததில்லை.

பத்தி ஒன்று: மேற்படி வெளிநாட்டவர் சனிக்கிழமை முதல் வீட்டில் இல்லை என்று வீட்டுக்காரர் அறிவித்துள்ளார். பத்தி இரண்டு: அவர் வேறெங்காவது தங்கியதாக வேறெந்த இடத்துக்கு உரியவரும் அறிவிக்கவில்லை; ஆகவே அவர் மேற்படி காலத்தில் எங்கும் இல்லாதவராகக் கருதப்படுகிறார். பத்தி மூன்று: அவர் இருக்கும் இடம் முடிவாகும்வரை எந்தப் பணியிலும் ஈடுபடலாகாது. பத்தி நான்கு: வரும் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் தக்க விளக்கம் இல்லையேல், தங்கும் அனுமதி ரத்து செய்யப்பட்டு நாட்டை விட்டு வெளியேற்றப்படுவார்.

மாப்பிள்ளை இரண்டு தடவை வாசித்தார். "நல்ல நடை," என்றார். பிறகு மூன்றாம் தடவையும் வாசித்தார்.

புதன்கிழமை மூன்று பேரும் ஆறாம் கவுண்டருக்குப் போனோம். மாப்பிள்ளை ஒன்றரைப் பக்க எழுத்து விளக்கம் கொண்டுவந்திருந்தார். அம்மா அதை வாங்கி சீல் குத்திக்கொண்டு கேட்டார்:

"ரெண்டு நாள் எங்க இருந்தீங்க?"

"தங்கள் அலுவலக லிஃப்டில்."

"லிஃப்டா? எந்த மாடி?"

"மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்."

"அப்படி ஒரு மாடி இல்லையே! மூணுன்னா குறுகிய காலப் பிரிவு. நாலுன்னா நாங்க. நடுவுலன்னு எந்த ஃபைல்ல போடறது?" சற்று யோசித்துவிட்டு, "தலை எங்க இருந்துச்சு?" என்றார்.

டேப் வந்தது. லிஃப்ட் நின்ற இடத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்தார்கள். அளந்தார்கள். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தபோது தலை நான்காம் மாடியிலும் மீதி மூன்றாம் மாடியிலும் இருந்திருக்கிறது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் முழுசாக மூன்றாம் மாடி.

"அப்ப நின்னப்ப நீண்ட காலம், படுத்தப்ப குறுகிய காலம்," என்றார் அம்மா. "எத்தனை மணி நேரம் படுத்தீங்க?"

மூன்றாம் மாடிக்கு ஆள் அனுப்பினார்கள். பதினோரு வருஷம் இருக்கிறவரைக் குறுகிய காலத்தில் சேர்க்க முடியாது, வேண்டுமானால் கால்களை மட்டும் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. கடைசியில் விஷயம் இணை இயக்குநரிடம் போனது.

இணை இயக்குநர் கறார் பேர்வழி. அலுவலக முத்திரையை யாரிடமும் கொடுக்க மாட்டார். சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். கழிப்பறைக்குப் போனாலும் அது கூடவே போகும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இவர் லிஃப்ட்ல தங்கினார்னு வெச்சுக்குவோம். அப்ப லிஃப்ட் தங்குற இடம். அந்த இடத்துக்கு உரியவர் யாரு? நான். நான் இருபத்துநாலு மணி நேரத்துல அறிவிச்சேனா? இல்ல. அப்ப நான் விதியை மீறினவன். நான் மீறுவேனா?"

"மாட்டீங்க சார்," என்றார் அம்மா.

"அப்ப இவர் லிஃப்ட்ல இல்ல."

"சார், கதவு தொறந்து அவர் வெளிய வந்ததை உங்க ஆபீஸே பாத்துதே!" என்றாள் தங்கை.

"வெளிய வந்ததைப் பாத்தாங்க. உள்ள இருந்ததை யாரு பாத்தா? வாட்ச்மேன் நோட்டுல போயிட்டார்னு இருக்கு. வேலை முடிஞ்ச சீட்டுல சனிக்கிழமை ஒரு மணின்னு இருக்கு. ரெண்டு ஆதாரம்."

"அப்ப எங்கதான் சார் இருந்தாரு?"

"அதைத்தானேம்மா நாங்க கேக்கறோம்."

அவருடைய தர்க்கத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. நான் கேட்டிருந்த ஒழுங்கு இதுதான்.

வெள்ளிக்கிழமை காலை தங்கை கடைக்கே வந்துவிட்டாள். உட்காரவில்லை.

"அண்ணா, ஒரே ஒரு வழிதான் இருக்கு. அவர் வீட்டுலதான் இருந்தார், நான்தான் மாடில சரியா பாக்கலைன்னு நீ எழுதிக் குடுத்துடு."

"பொய் அறிவிப்புக்கு ஒரு வருஷம் ஜெயிலும்மா."

"உனக்கு ஒரு வருஷம். என் பொண்ணுக்கு ஆயுசு பூரா அப்பா இல்ல."

நான் ஒரு கண்ணாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான். கடைசியில், "சட்டம் வேற, சொந்தம்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. சுவரில் இருந்த கடிதத்தைக் காட்டி, "ஊர் பூரா கண் டெஸ்ட் பண்றியே, முதல்ல நீ அதைப் படி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று நான் கோழையாக இருந்தேன். அதைப் பெரிய வார்த்தை போட்டு மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை எங்களை நான்காம் மாடிப் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை மடியில் கருவிப் பை. அதன்மேல் நாற்பத்துநாலு சீட்டு ஃபைல். இணை இயக்குநர் வெளியே வந்தார். கூடவே மேலிடத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர். பருத்த உடம்பு, பட்டுக் கைக்குட்டை. ஆய்வை முடித்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பியிருந்தார்கள்.

"விளக்கம் திருப்தியா இல்ல. திங்கக்கிழமை உத்தரவு வந்துடும்," என்று இணை இயக்குநர் போகிற போக்கில் சொல்லிவிட்டு, ஆய்வாளரோடு லிஃப்டில் ஏறினார். இரண்டு அதிகாரிகளும் யார் முதலில் ஏறுவது என்று மரியாதை பாராட்டிக்கொண்டதில் மூன்று நிமிஷம் போயிற்று. கதவு மூடியது. லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. மணி ஒன்று.

நின்றது.

முதலில் உள்ளே பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தும் சத்தம். பிறகு தட்டல். "யாரது வெளிய? ஸ்விட்சைப் போடச் சொல்லுங்க!"

வாட்ச்மேன் நோட்டோடு மாடி ஏறி வந்தார். லிஃப்ட் கதவோடு பேசினார். "உள்ள யாரும் இல்லீங்களே. எல்லாரும் போயாச்சு."

"யோவ், நான்தான்யா, இணை இயக்குநர்!"

"ஐயா போயிட்டாருங்க. இங்க எழுதியிருக்கு."

"நான் சொல்றேன், ஸ்விட்சைப் போடு!"

"எழுத்துல குடுங்க ஐயா. திங்கக்கிழமை ஒம்பது மணிக்குன்னுதான் சுற்றறிக்கை."

"எவன்யா அந்தச் சுற்றறிக்கைல கையெழுத்துப் போட்டது?"

"நீங்கதாங்க ஐயா."

உள்ளேயிருந்து ஒரு காகிதம் கதவிடுக்கு வழியாக வந்தது. வாட்ச்மேன் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "நேரம் ஒண்ணு பத்துன்னு போட்டிருக்கீங்க ஐயா. ஒரு மணிக்கு ஆபீஸ் மூடியாச்சு. மூடின ஆபீஸ்லேருந்து வந்த உத்தரவை நான் எப்படிங்க ஏத்துக்கறது?" என்று பவ்யமாகத் திருப்பி உள்ளே தள்ளிவிட்டார்.

"எனக்கு மூடின இடம் ஆகாது," என்று ஆய்வாளரின் குரல் கேட்டது. அது ஒரு மேலதிகாரியின் குரல் மாதிரியே இல்லை.

"மெக்கானிக்! மெக்கானிக் வெளிய உக்காந்திருந்தாரே! நீங்க அங்கதான இருக்கீங்க?"

மாப்பிள்ளை எழுந்து கதவருகே போனார். "நான் எங்கே இருக்கிறேன் என்பது தங்கள் அலுவலகத்தின் பரிசீலனையில் உள்ளது," என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கேலி செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த பாஷையே அதுதான்.

"சாவி இருக்கில்ல? திறங்க!"

"கடிதத்தின் பத்தி மூன்றின்படி நான் எந்தப் பணியிலும் ஈடுபடலாகாது."

"நான் சொல்றேன், ஈடுபடுங்க!"

"வாய்மொழி உத்தரவு செல்லாது என்று ஆறாம் கவுண்டரில் ஒட்டப்பட்டுள்ளது."

இந்த இடத்தில் தங்கை நடுவில் புகுந்தாள். ஃபைலிலிருந்து இடத்துக்கு உரியவர் அறிவிப்புப் படிவத்தை உருவி, கதவிடுக்கில் செருகினாள். "அவர் உங்க லிஃப்ட்லதான் தங்கினார்னு கையெழுத்துப் போடுங்க சார். அவர் இருக்கற இடம் முடிவாயிடும். உடனே வேலை செய்யலாம்."

"போட்டா நான் லேட்டா அறிவிச்சவன் ஆயிடுவேனேம்மா!"

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்க. தண்ணி இருக்கா உள்ள?"

உள்ளே இரண்டு அதிகாரிகளும் குசுகுசுவென்று ஆலோசித்தார்கள். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"அறிவிக்க வேண்டியது இடத்துக்கு உரியவர் இல்ல, இடத்துல இருக்கறவர்தான்னு மாத்திடுங்க," என்றார் ஆய்வாளர். "போன வாரத்திலேருந்து அமல்னு போடுங்க. அந்தாள்தான் புதன்கிழமையே எழுதிக் குடுத்துட்டானே. உங்க மேல தப்பு இல்ல."

"ஒரு வெளிநாட்டுக்காரனுக்காக விதியை வளைச்சோம்னு பேர் வருமே சார்?"

"வெளிநாட்டவர்ங்கறதை அடிச்சுட்டு 'எவரும்'னு போடுங்க. எல்லாருக்கும்னு போட்டா அது பொதுநலம்."

"இருக்கறவன் வாய் வார்த்தையை நம்பறதா?"

"சாட்சி வைங்க. பத்து வருஷமா இடைவெளி இல்லாம முகவரி அறிவிச்ச பதிவு உள்ள ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

நல்ல ஷரத்து என்று நான் வெளியே நின்று தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். தங்கை சாட்சி.

படிவத்தின் பின்பக்கம் புது விதியும், மாப்பிள்ளை லிஃப்டில் தங்கியது ஏற்கப்படுகிறது என்ற வரியுமாக, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் காகிதம் வெளியே வந்தது. இணை இயக்குநர் இந்தத் தடவை நேரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்பது என்று போட்டிருந்தார். மாப்பிள்ளை அதை முழுசாக, ஒரு வரி விடாமல் வாசித்தார். ஃபைலில் கோத்தார். பிறகு சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். அரை நிமிஷ வேலை. ஆய்வாளரை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். இணை இயக்குநர் தானே கையை ஊன்றி ஏறி, பாதியில் மூச்சு வாங்கினார். தலையும் கையும் நான்காம் மாடியில்; இடுப்புக்குக் கீழே லிஃப்டுக்குள்.

"இப்ப நீங்க நீண்ட காலமா, குறுகிய காலமா சார்?" என்று தங்கை கேட்டாள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு உத்தரவு வந்தது: அவர் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், உரிய முறையில் தங்கியிருந்தார். தங்கும் அனுமதி நீடிக்கிறது. அன்று மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதே வாரம் புதிய சுற்றறிக்கையும் வந்தது. எவராயினும், எந்த நாட்டவராயினும், தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை தாம் இருக்கும் இடத்தைத் தாமே அறிவிக்க வேண்டும். தவறினால் எங்கும் இல்லாதவராகக் கருதப்பட்டு, வீட்டுக்குச் சீல் வைக்கப்படும். முகவுரையில் ஒரு மேற்கோள்: "ஒரு பொறுப்புள்ள குடிமகன் பத்திரிகையில் கேட்டதுபோல, யார் எங்கே இருக்கிறார் என்பது தெரிய வேண்டாமா?"

முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சாட்சி தேடினார்கள். பத்து வருஷமாக இடைவெளி இல்லாமல் முகவரி அறிவித்தவர் யார்? என்னைப் போலப் பிறந்த நாளிலிருந்து ஒரே தெருவில் இருப்பவனிடம் அரசாங்கம் ஒரு நாளாவது வந்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறதா? ஒரு சீட்டு உண்டா? பத்திரிகை ஆசிரியருக்கு இல்லை. ஆறாம் கவுண்டர் அம்மாவுக்கு இல்லை. இணை இயக்குநருக்கே இல்லை. இந்த நாட்டில்தான் இருக்கிறோம் என்று ரசீதோடு நிரூபிக்கக்கூடிய ஆட்கள், நாங்கள் இத்தனை காலம் வரிசையில் நிற்க வைத்த வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான்.

இப்போது நான்காம் மாடியில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வரிசையில் நாங்கள் நிற்கிறோம். வரிசை படி வழியாக இறங்கி, வாசல் பலகையைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. லிஃப்டில் யாரும் ஏறுவதில்லை. ஏறினால் அதற்குத் தனிப் படிவம்.

எனக்கு அப்படிக் காத்துக் கிடக்க வேண்டிய அவசியம் இல்லையே, சாட்சிதான் என் வீட்டு மாடியிலேயே இருக்கிறாரே என்று நினைத்தேன். நேற்றுக் காலை மேலே போனேன். மாப்பிள்ளை மேஜையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரின் படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அமருங்கள் மச்சான்," என்றார். படிவத்தை வாங்கினார்.

"தாங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"மாப்பிள்ளை, விளையாடாதீங்க. கீழ் வீட்டுல. நான் கட்டின வீடு."

"என்ன மாறியிருக்கிறது?"

"ஒண்ணும் மாறலை."

"மாறவில்லை என்பதற்கு ஆதாரம்?"

புகைப்படத்தைக் கொடுத்தேன். வாசலில், கதவு எண் தெரிய நிற்கிறேன். கையில் பத்திரிகைக்குப் பதிலாக, கடைச் சுவரிலிருந்து கழற்றிய கண்ணாடிச் சட்டம். பழைய பெருமை விடவில்லை. அதுவும் பத்திரிகைதானே என்று நினைத்துவிட்டேன்.

அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இது மூன்றாண்டுக்கு முந்தைய தேதியிட்ட பத்திரிகை. தாங்கள் இன்றும் இங்கே இருக்கிறீர்கள் என்பதை இது நிரூபிக்கவில்லை. புதிய படத்துடன் நாளை வரவும். அதுவரை தாங்கள் இவ்வீட்டில் தற்காலிகமாகத் தங்குவதில் எமக்கு ஆட்சேபணை இல்லை."

நான் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாடி, நீயாவது சொல்லேன்," என்றேன்.

"சட்டம் வேற, சொந்தம் வேறண்ணா," என்றாள். "அடுத்த ஆளை வரச் சொல்லிட்டுப் போ."